பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடம்

‘நேரம்’ என்று ஒரு சொல் நம் மொழியில் இருக்கிறது. சின்னஞ்சிறு சொல், ஆனால் இரு முகம் கொண்ட சொல். “நேரம் என்ன?” என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்க்கிறோம். “நேரம் சரியில்லை” என்று சொல்லிவிட்டாலோ, கண்கள் கடிகாரத்தின் பக்கம் திரும்புவதில்லை. ஜாதகக் கட்டத்தின் பக்கம் திரும்புகின்றன. முன்னது அளந்து அறியும் நேரம். பின்னது அஞ்சி நடுங்கும் நேரம். அளந்து அறியும் நேரத்தில் பிழை இருந்தால் யாரும் எடுத்துக்காட்டலாம்; திருத்தலாம். அஞ்சி நடுங்கும் நேரத்தையோ கேள்வி கேட்கலாகாது. கேட்டால் அது குற்றம். கேளாது அடங்கிக் கிடந்தால் அதற்குப் பெயர் பக்தி!

இந்த இரண்டு நேரங்களும் எதிரெதிரே வந்து நின்ற நாள் ஒன்று உண்டு, தோழர்களே. 2025ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 25ஆம் நாள். புதன்கிழமை.

நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் கிழிக்கும் நாட்காட்டியில் புதன்கிழமைத் தாளை எடுத்துப் பாருங்கள். இராகு காலம் 12 மணி முதல் 1.30 வரை என்று அச்சிட்டிருக்கும். அந்தப் புதன்கிழமை, நம் நாட்டுக் கடிகாரம் பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடம் ஆனபோது, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே, கென்னடி விண்வெளி மையத்தின் 39ஏ ஏவுதளத்திலிருந்து பால்கன் 9 என்னும் இராக்கெட்டு தீயைக் கக்கி எழுந்தது. 1969இல் மனிதனை நிலவுக்குச் சுமந்து சென்ற அப்பல்லோ 11 கிளம்பிய அதே ஏவுதளம். இராக்கெட்டின் உச்சியில் ‘கிரேஸ்’ எனப் பெயரிடப்பட்ட டிராகன் கலம். கலத்துக்குள்ளே நான்கு மனிதர்கள். பயணத்தின் பெயர் ஆக்சியம் 4.

யார் அந்த நால்வர்? தலைமை தாங்கியவர் ஒரு பெண்மணி. பெக்கி விட்சன் என்பது பெயர். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவர், உயிர்வேதியியல் கற்றவர், பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குத் தலைமை ஏற்ற முதற்பெண். இந்தப் பயணத்தோடு சேர்த்து அவர் விண்ணில் கழித்த நாள்கள் 695. கலத்தின் விமானியாக அமர்ந்தவர் லக்னோவில் 1985இல் பிறந்த இந்திய விமானப்படை அதிகாரி சுபான்சு சுக்லா. மற்ற இருவர் போலந்து நாட்டுப் பொறியாளர் சுவாவோஷ் உஸ்னான்ஸ்கியும், அங்கேரி நாட்டவரான திபோர் கபுவும். 1978இல் போலந்து நாட்டவர் ஒருவர், 1980இல் அங்கேரி நாட்டவர் ஒருவர், 1984 ஏப்ரல் 3 அன்று நம் இராகேஷ் சர்மா – இப்படி மூன்று நாடுகளும் சோவியத்துக் கலங்களில் ஒவ்வொருவரை அனுப்பியதோடு நின்றிருந்தன. இந்தியாவின் காத்திருப்பு 41 ஆண்டுகள்.

28 மணி நேரம் பறந்து விண்வெளி நிலையத்தை அடைந்தார்கள். 18 நாள்கள் அங்கே தங்கினார்கள். ஜூலை 15ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் பசிபிக் கடலில் பத்திரமாக வந்து இறங்கினார்கள். இறங்கியபோது நம் கடிகாரத்தில் பிற்பகல் 3 மணி 1 நிமிடம். செவ்வாய்க்கிழமை இராகு காலம் எப்போது? 3 முதல் 4.30 வரை!

போனது இராகு காலம் பிறந்து ஒரு நிமிடத்தில். வந்ததும் இராகு காலம் பிறந்து ஒரு நிமிடத்தில். வேண்டுமென்றே நம் பஞ்சாங்கத்தோடு விளையாடினார்களோ என்று எண்ணத் தோன்றும். அவர்களுக்கு நம் பஞ்சாங்கம் இருப்பதே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

“பார்த்தீர்களா, இராகு காலம் பொய்யென்று மெய்ப்பிக்கப்பட்டது!” என்று கைதட்டிவிட்டு நான் இங்கே நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. அப்படி நிறுத்தினால், நாளை ஏதேனும் ஒரு கலம் இராகு காலத்தில் புறப்பட்டு விபத்துக்குள்ளானால், “மெய்யென்று மெய்ப்பிக்கப்பட்டது” என்று எதிர்த்தரப்பார் கைதட்டுவார்கள். ஒரு வெற்றியைக் காட்டி வாதிடுவது ஜோதிடரின் வழக்கம். பலித்ததைச் சொல்வார், பலிக்காததை மறப்பார். அந்த வழக்கம் நமக்கு வேண்டாம். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த 12 மணி 1 நிமிடத்தை யார் குறித்தார்கள்? எதைக் கொண்டு குறித்தார்கள்?

நான் விழுப்புரத்தில் வாழ்பவள். திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றின் அரசுப் பள்ளியில் ஆசிரியை. அரசு கலைக் கல்லூரியில் வரலாறு படித்தவள். விஞ்ஞானம் என் பாடமன்று. அந்தப் புதன்கிழமை எங்கள் பள்ளியின் கணினி அறையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அமர்த்தி, ஏவுதலை நேரடியாகக் காட்டினோம். கலம் மேலேறி மறைந்து, கூச்சல் அடங்கிய பிறகு, பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து கேட்டான்: “டீச்சர், அவங்க காலண்டர் பார்க்க மாட்டாங்களா?”

“பார்ப்பார்கள். அது வேறு காலண்டர்” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்தக் காலண்டர் எப்படி இருக்கும் என்பதை எங்கள் கணக்காசிரியரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் அவனுக்கு முழுவதும் விளக்க முடிந்தது. கற்றதை இங்கே சொல்கிறேன்.

விழுப்புரம் சந்திப்பை அறியாதவர் நம் பக்கத்தில் இல்லை. ஐந்து திசைப் பாதைகள் கூடும் இடம். செங்கல்பட்டுக்கு, விருத்தாசலத்துக்கு, கடலூருக்கு, திருவண்ணாமலைக்கு, புதுச்சேரிக்கு என்று வண்டிகள் பிரிகின்றன. ஒரு வண்டியில் வந்து இன்னொரு வண்டியைப் பிடிக்க வேண்டியவன் எதைப் பார்ப்பான்? தான் பிடிக்க வேண்டிய வண்டி எப்போது வருகிறது என்பதைப் பார்ப்பான். விண்வெளி நிலையமும் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு வண்டி. மண்ணிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. எந்தத் தண்டவாளத்தில்? பூமியைச் சுற்றி ஒரு வளையத்தைச் சாய்த்துப் போட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த வளையந்தான் அதன் பாதை. வளையத்துக்குள்ளே பூமி தன்பாட்டில் சுழல்கிறது. சுழலும் பூமியில் புளோரிடாவின் ஏவுதளம் எந்தக் கணத்தில் அந்த வளையத்துக்கு நேர்கீழே வருகிறதோ, அந்தக் கணத்தில் கிளம்ப வேண்டும். தவறினால் அடுத்த நாள்தான்.

அடுத்த நாள் அதே மணிக்கா? இல்லை. அந்த வளையமும் நாள்தோறும் சிறிது சிறிதாக மேற்கே நகர்கிறது. ஆகையால் கிளம்பும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 23½ நிமிடம் முந்திக்கொள்கிறது. இதைச் சரிபார்க்க வழியுண்டா? உண்டு. இதே பயணம் ஜூன் 11ஆம் நாள், நம் நேரப்படி மாலை 5.30க்கு என்று முன்னதாகக் குறிக்கப்பட்டிருந்தது. பிறகு ஜூன் 25க்கு ஒத்திவைக்கப்பட்டது. இடையே 14 நாள். கணக்காசிரியர் கரும்பலகையில் எழுதினார்: பதினான்கை இருபத்து மூன்றரையால் பெருக்கினால் 329 நிமிடம், அதாவது 5 மணி 29 நிமிடம். மாலை 5.30இலிருந்து 5 மணி 29 நிமிடத்தைக் கழித்தால்? பகல் 12 மணி 1 நிமிடம்!

பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தார்கள். நானுந்தான். இதோ ஒரு பஞ்சாங்கம்! எட்டாம் வகுப்புச் சிறுவன் பெருக்கிக் கழித்துச் சரிபார்க்கக்கூடிய பஞ்சாங்கம். இதற்குப் பரம்பரை வேண்டியதில்லை, தட்சணை வேண்டியதில்லை, சாதி வேண்டியதில்லை. சுண்ணக்கட்டி ஒன்று போதும்.

இனி அந்த ஜூன் 11ஆம் நாளைப் பாருங்கள். அதுவும் புதன்கிழமைதான். மாலை 5.30 மணி. இராகு காலமன்று, எமகண்டமன்று, குளிகையுமன்று. நாட்காட்டித் தாளின்படி பழுதற்ற பொழுது. ஆனால் பழுது இராக்கெட்டில் இருந்தது! ஏவுதளத்தில் இயந்திரங்களை எரித்துப் பார்க்கும் சோதனைக்குப் பின் ஆராய்ந்தபோது, திரவ ஆக்ஸிஜன் கசிவது கண்டறியப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவரும், அப்போது இஸ்ரோவின் தலைவராக இருந்தவருமான வி. நாராயணன் தம் குழுவினரோடு அங்கேதான் இருந்தார். கசிவைச் சீர்செய்து, மீண்டும் சோதித்த பிறகே ஏவ வேண்டும் என்பது முடிவாயிற்று. அதுமட்டுமன்று, விண்வெளி நிலையத்திலும் சுவெஸ்தா என்னும் உருசியப் பகுதியில் காற்றுக் கசிவு பற்றிய ஐயம் எழுந்தது. அதையும் ஆராய்ந்தார்கள். மே 29 என்று தொடங்கி, நாள் பலமுறை மாறியது. நோய் தொற்றாதிருக்கத் தனிமையில் வைக்கப்பட்டிருந்த நால்வரும் ஏறத்தாழ ஒரு மாதம் அந்தத் தனிமையிலேயே காத்திருந்தார்கள்.

நல்ல பொழுதில் கசிவு இருந்தது. கெட்ட பொழுதில் கசிவு இல்லை. காரணம் பொழுதன்று; பொழுதுக்கும் கசிவுக்கும் உறவில்லை. தேடியவர்கள் கண்டார்கள், கண்டவர்கள் அடைத்தார்கள். அவ்வளவுதான்.

ஒத்திவைப்பது கோழைத்தனமா என்று கேட்கலாம். ஒத்திவைப்பதில் இருவகை உண்டு. “ஏன் ஒத்திவைத்தீர்?” என்று கேட்டால், “இதோ, இந்தக் குழாயில், இந்த இடத்தில் கசிவு” என்று கைநீட்டிக் காட்டுவது ஒருவகை. “ஏன்?” என்று கேட்டால், “அப்படியெல்லாம் கேட்கக்கூடாது” என்று வாயைப் பொத்துவது இன்னொருவகை. முன்னது எச்சரிக்கை. பின்னது அச்சம். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். இரண்டும் மனிதனைக் காத்திருக்கச் செய்யும். ஆனால் எச்சரிக்கையோடு காத்திருந்தவன் காத்திருந்த காலத்தில் ஒன்றைச் செப்பனிட்டிருப்பான். அச்சத்தோடு காத்திருந்தவன் காத்திருந்தது மட்டுமே மிச்சம்.

மேல்நாட்டார் எல்லாம் பகுத்தறிவின் வடிவங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கும் 13 என்ற எண்ணைக் கண்டால் நடுக்கம். 1970 ஏப்ரல் 11 அன்று, ஹூஸ்டன் கடிகாரத்தில் 13 மணி 13 நிமிடத்துக்கு, அப்பல்லோ 13 கிளம்பியது. அவர்கள் கணக்கில் ஏப்ரல் 13 அன்று, நிலவை நோக்கிச் செல்லும் வழியில், ஆக்ஸிஜன் கலம் வெடித்தது. லோவெல், சுவிகெர்ட், ஹெய்ஸ் என்ற மூன்று வீரர்களின் உயிர் நூலிழையில் ஊசலாடியது. நிலவில் இறங்கும் திட்டத்தைக் கைவிட்டு, இறங்குகலத்தையே உயிர்காக்கும் படகாக்கி, ஏப்ரல் 17 அன்று உயிரோடு திரும்பினார்கள்.

“பதின்மூன்று! சொன்னோமே, கேட்டீர்களா?” என்றவர்கள் அங்கும் இருந்தார்கள். ஆனால் ஆராய்ச்சிக் குழு எண்ணை ஆராயவில்லை, கலத்தை ஆராய்ந்தது. ஆக்ஸிஜன் கலத்துக்குள் இருந்த வெப்பக் கட்டுப்பாட்டுச் சுவிட்சு 28 வோல்ட்டு மின்சாரத்துக்கு ஏற்றது, ஏவுதளத்துச் சோதனையின்போது அதற்கு 65 வோல்ட்டு செலுத்தப்பட்டது, சுவிட்சு ஒட்டிக்கொண்டது, சூடு அளவு மீறி ஏறி மின்கம்பிகளின் உறை கருகியது, விண்ணில் அந்தக் கம்பி தீப்பொறியைக் கக்கியது. இதுதான் காரணம் என்று கண்டார்கள். அடுத்த கலத்தை மாற்றி அமைத்தார்கள். 1971இல் அப்பல்லோ 14 நிலவில் இறங்கித் திரும்பியது. பதின்மூன்றின் மேல் பழியைப் போட்டு ஓய்ந்திருந்தால், கருகிய கம்பி அடுத்த கலத்திலும் காத்திருந்திருக்கும்!

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2003 பிப்ரவரி 1 அன்று, அரியானா மாநிலத்துக் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் அவருடைய ஆறு தோழர்களும் சென்ற கொலம்பியா விண்ணோடம், தரைதொட இன்னும் சில நிமிடங்கள் இருந்தபோது சிதறியது. ஏவப்பட்டபோதே நுரைக் காப்புத் துண்டு ஒன்று கழன்று இடப்பக்க இறக்கையைத் தாக்கியிருந்தது. “இறக்கையைப் படமெடுத்துப் பாருங்கள்” என்று பொறியாளர் சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு மேலிடம் செவிசாய்க்கவில்லை. விஞ்ஞானத்தின் வீட்டிலேயே “ஏன்?” என்ற கேள்வி அடக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு ஏழு உயிர்கள் சான்று. ஆகவே, இராக்கெட்டு விடுகிறவன் என்பதனாலேயே ஒருவன் பகுத்தறிவாளன் ஆகிவிடுவதில்லை. கேள்விக்கு இடம் கொடுக்கும்வரைதான் அவன் பகுத்தறிவாளன்.

சரி, இராகு என்பவர் யார்? பாம்பு என்கிறது புராணம். நிலவு பூமியைச் சுற்றும் பாதையும், வானில் கதிரவன் செல்வதாகத் தோன்றும் பாதையும் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு புள்ளிகளுள் ஒன்று என்கிறது வானநூல். அங்கே உடலில்லை, ஒளியில்லை, ஒரு கூழாங்கல்கூட இல்லை. வெறும் புள்ளி! கிரகணம் பாம்பு விழுங்குவதால் அன்று, நிழலால் என்று ஆரியபட்டர் கி.பி. 499ஆம் ஆண்டு நூலிலேயே எழுதிவிட்டார். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நிழலாகிவிட்ட பாம்பு, இன்றைக்கும் புதன்கிழமை தோறும் பன்னிரண்டு மணிக்கு நம் தெருவில் படமெடுத்து ஆடுகிறதென்றால், ஆட்டுவிப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

“அம்மணி, இராகு காலம் அந்தந்த ஊருக்குத் தனித்தனி, புளோரிடாவில் அப்போது நள்ளிரவு தாண்டி 2 மணி 31 நிமிடம், ஆகவே உங்கள் வாதம் செல்லாது” என்று ஒருவர் குறுக்கிடலாம். நல்லது. ஊருக்கு ஊர் மாறுமென்றால், விண்வெளி நிலையத்துக்கு எது? பகற்பொழுதை எட்டாகப் பகுத்து ஒரு கூறு இராகுவுக்கு என்பதுதான் கணக்கு. அந்த நிலையம் ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒருமுறை உலகைச் சுற்றுகிறது. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 16 முறை சூரியோதயம்! அங்கே ஒரு பகல் என்பது பொதுவாக ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. எட்டில் ஒரு பங்கு ஏழு நிமிடம் அளவே தேறும். 18 நாளில் ஏறத்தாழ 280 இராகு காலம்! ஒவ்வொன்றுக்கும் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தால் சுக்லா பணி முடித்திருப்பாரா? அவ்வளவு தொலைவு போவானேன்? நம் ஊரிலேயே சூரியன் உதிக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறுகிறது. சுவரில் தொங்கும் தாளோ ஆண்டு முழுவதும் 12 முதல் 1.30 என்றே சாதிக்கிறது. தன் கணக்கையே தான் மதியாத கணக்கு அது!

இவையெல்லாம் எங்கோ வானத்தில் நடக்கும் வழக்கு என்றால் நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். அந்த ஏவுதலுக்கு மறு ஞாயிறு ஒரு வீட்டுக்குப் போனேன். எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு நல்ல மதிப்பெண்களோடு தேறிய மாணவி. பாலிடெக்னிக்கில் சேர்ந்து மின்னணுப் பொறியியல் டிப்ளமோ படிக்க ஆசைப்பட்டவள். தந்தை கரும்பு வெட்டும் தொழிலாளி. சேர்க்கை நடந்துகொண்டிருக்கிறது, மகளோ வீட்டிலிருக்கிறாள். காரணம் கேட்டேன். “பொண்ணுக்கு நேரம் சரியில்லைன்னு ஜோசியர் சொல்லிட்டார், டீச்சர். சித்திரை கழியட்டும், பார்க்கலாம்னு இருக்கோம்” என்றார் தந்தை.

சித்திரை கழிவதற்குள் என்னென்ன கழியும் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். “சும்மாதானே இருக்கிறாள்” என்று திண்டிவனத்தில் ஏதாவது துணிக்கடைக்கு அனுப்புவார்கள். சம்பளம் வரும், சம்பளம் வந்தபின் படிப்பு எதற்கு என்று தோன்றும். அதற்குள் ஓர் உறவினர் ‘நல்ல இடம்’ என்று வந்து நிற்பார். அதற்கு மட்டும் ஜோதிடர் உடனே நேரம் குறித்துக் கொடுத்துவிடுவார்! ஓராண்டு என்பது வசதி படைத்த வீட்டில் ஓராண்டுதான். ஏழை வீட்டுப் பெண்ணுக்கு அது ஓர் ஆயுள்.

அந்தத் தந்தை மூடர் அல்லர். “ஐயா, ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு இராகு காலத்தில் வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். “வெட்டித்தான் ஆகணும். நேரம் பார்த்தா கரும்பு காஞ்சி எடை போயிடுமே!” என்றார். “உங்கள் மகளின் படிப்பும் அப்படித்தான், ஐயா” என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். பட்டம் பெற்ற எவரும் என்னிடம் கேட்டிராத கேள்வி.

“ராக்கெட் உடறவங்களே கோயில்ல வச்சி பூசை பண்ணிட்டுத்தானே உடறாங்க? டிவியில காட்டறாங்களே. படிச்சவங்களே அப்படி இருக்கும்போது நாங்க எம்மாத்திரம், டீச்சர்?”

அவர் சொன்னது மெய்தான். ஏவுகலத்தின் சிறிய உருவை ஏழுமலையான் சந்நிதியில் வைத்து வணங்கிவிட்டு வருவது இஸ்ரோ அதிகாரிகளின் வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. பி.எஸ்.எல்.வி. இராக்கெட்டு வரிசையில் சி-12க்கு அடுத்தது சி-14. இடையில் பதின்மூன்றைக் காணோம்! ஏழையிடம் பகுத்தறிவு பேசப் போகும் நம் காலை வாருவது இப்படிப்பட்ட மேன்மக்கள்தாம்.

நான் அவரிடம் சொன்னது இது: “கும்பிட்டார்கள் ஐயா, உண்மை. ஆனால் கும்பிட்டுவிட்டோமே என்று கசிவை அடைக்காமல் விட்டவர் யாராவது உண்டா? சாமி பார்த்துக்கொள்ளும் என்று சோதனையை நிறுத்தியவர் உண்டா? கும்பிட்டதை நீங்கள் டி.வி.யில் பார்த்தீர்கள். இரவெல்லாம் குழாய் குழாயாகத் தேடியதை டி.வி. காட்டவில்லை. கலம் போனது எதனால், சொல்லுங்கள்.” அவர் மகளைப் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த அவள், “தேடினதாலதான்” என்று மெல்லச் சொன்னாள். அந்த வீட்டில் அன்று அவள் பேசிய ஒரே சொல் அது.

விழுப்புரம் வீரமுத்துவேலின் பெயரை அவரும் அறிந்திருந்தார். இரயில்வேயில் பணியாற்றிய தொழில்நுட்பத் தொழிலாளியின் மகன். விழுப்புரத்து இரயில்வே பள்ளியில் படித்தவர். பிறகு சேர்ந்தது பாலிடெக்னிக்தான். அந்த டிப்ளமோவிலிருந்து பொறியியல், திருச்சியில் மேற்படிப்பு, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் என்று படிப்படியாக ஏறினார். சந்திரயான் 3 திட்டத்தின் இயக்குநராக அவர் பொறுப்பேற்றிருந்தபோதுதான், 2023 ஆகஸ்டு 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு, அந்தக் கலம் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. “அவரும் டிப்ளமோவா?” என்று தந்தை இரண்டு முறை கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு போனார், இடம் கிடைத்தது. ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை இராகு காலம் 10.30 முதல் 12 வரை. அவர் 12 அடித்த பிறகே வீட்டை விட்டுக் கிளம்பினாராம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, சினம் வரவில்லை. சித்திரை வரை நீண்டிருந்த அச்சம் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியிருக்கிறது. மிச்சத்தை அவர் மகள் பார்த்துக்கொள்வாள்.

தோழர்களே, மேடையில் இராகு காலத்தைத் திட்டுவது எளிது; நமக்குள்ளே கைதட்டுக் கிடைக்கும். கைதட்டுகிறவர்களின் வீட்டிலும் பெண் இருக்கிறாள். அவளுக்கு ‘நேரம் பார்க்க’ப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் திண்ணையில் போய் அமர்ந்து, கோபப்படாமல், கேலி பேசாமல், அவர்களுடைய கரும்பையும் கிணற்றையும் கொண்டே அவர்களோடு பேச நம்மில் எத்தனை பேர் ஆயத்தமாயிருக்கிறோம்?

வெறுங்கையோடும் போக வேண்டாம். சுக்லா விண்வெளி நிலையத்தில் செய்த ஆராய்ச்சிகளுள் ஒன்று என்ன தெரியுமா? பச்சைப்பயற்றையும் வெந்தயத்தையும் முளைக்க வைத்தது! எடையற்ற நிலையில் விதை எப்படி முளைக்கிறது, அதன் சத்து எப்படி மாறுகிறது என்று அறிவதற்காக. எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு தட்டுகளில் வெந்தயம் நனைத்து வைத்தார்கள். ஒன்றை ‘நல்ல நேர’த்தில், இன்னொன்றை இராகு காலத்தில். அதே நீர், அதே துணி, அதே சன்னல். இரண்டும் ஒன்றாகவே முளைத்தன. பின்வரிசைச் சிறுவன் இரண்டையும் அளவுகோலால் அளந்து, நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்புறத்திலேயே எழுதிக்கொண்டான். வீட்டில் பாட்டியிடம் காட்டப் போவதாகச் சொன்னான்.

ஒரு பிடி வெந்தயம் போதும். எந்த ஊரிலும் செய்து பார்க்கலாம். செய்து பார்க்கச் சொல்லுங்கள். முளைத்ததைக் கண்ணால் கண்டவனிடம், “கேட்காதே” என்று சொல்வது கடினம்.